உறையாத எண்ணெய்

ஜனவரி வந்தால் ஊட்டியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் சாய்த்து வைத்தால்தான் தலைக்கு ஒரு சொட்டு கிடைக்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். இங்கே பெரும்பாலான நாட்களில் உச்சி வெயிலுக்கே அந்தச் சூடு கிடையாது. அதே சமையலறையில், எண்ணெய் விடாமல் கல்லில் சுட்ட மத்தி மீனிலிருந்து வடிந்த கொழுப்பை மறுநாள் காலையில் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் கலங்கியிருக்கும், ஆனாலும் ஓடும்.

கொழுப்பின் உடம்பு கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதன் சங்கிலிகள் சீவிய விறகுபோல நேரானவை, நெருக்கமாக அடங்கி இறுகிவிடும். மத்தியின் ஒமேகா-3 கொழுப்புகள் கோணல்மாணலானவை. இ.பி.ஏ. என்ற கொழுப்பில் 20 கார்பன்கள், 5 இரட்டைப் பிணைப்புகள், டி.எச்.ஏ.வில் 22 கார்பன்கள், 6 பிணைப்புகள். ஒவ்வொரு பிணைப்பும் சங்கிலியை ஓரிடத்தில் வளைக்கும். முள்விறகை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கட்டு அடங்காதே, அந்தக் கதைதான்.

இந்தக் கொழுப்பில் பெரும்பகுதியை மத்தி தானாகச் செய்வதில்லை. நம் தேயிலைச் சரிவுகளை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காலத்தில் கேரளக் கரையோரம் வீசும் காற்று, மேல்நீரைக் கடலுக்குள் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் ஏறுகிறது. அதில் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் பெருகுகின்றன. ஒமேகா-3 அவற்றின் கைவேலை. அதைத் தின்று கொழுக்கும் மத்தி, மழை ஓய்ந்த மாதங்களில் கல்லில் போட்டதும் தன் எண்ணெயிலேயே பொரியும். அந்த ருசிக்கு ஈடாக வஞ்சிரத்தைக்கூட நான் சொல்லமாட்டேன்.

வளைவில்தான் வம்பும் இருக்கிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள இடத்தை ஆக்ஸிஜன் எளிதாகத் தாக்கும், கொழுப்பு காறிப்போகும். வீட்டு ஃப்ரீசரிலும் இது மெல்ல நடக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் மத்தியைப் பத்திரப்படுத்துவது வீண்.

கோழிக்கோட்டுப் பக்கமிருந்து நிலம்பூர், நாடுகாணி, கூடலூர் என்று மலையேறி வருகிறது நம் மத்தி. “ஊரே ஐஸ் பெட்டி, இதுக்கு மேல ஐஸ் எதுக்கு சார்?” என்றார் ஒரு மீன்காரர். கேட்கச் சுகமாக இருந்தது; ஆனால் 15 டிகிரிக் காற்று வேறு, பூஜ்யம் டிகிரி ஐஸ் வேறு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுற்றியிருப்பதிலிருந்து 80 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஊட்டிக் காற்றால் அது ஆகாது. மத்தியின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய. போதிய குளிர் இல்லையென்றால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலை வலிக்கும்; நமக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழியை உடம்பின் மேல் போடுவோம். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வயிறு வெடித்திருந்தால் வாங்காதீர்கள். மீனின் செரிமான நொதிகள் அதன் குடலையும் சதையையுமே கரைக்கத் தொடங்கிவிட்டன.

கவிச்சி வாடைக்குக் காரணம் ட்ரைமீத்தைல் அமீன். அது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது. புளியின் அமிலம் பட்டால் உப்பாக மாறி, ஆவியாகி மூக்குக்கு வராமல் குழம்போடு தங்கிவிடும். மீன் குழம்பில் புளி தூக்கலாக இருப்பதில் இந்த வசதியும் உண்டு.

ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பைக் குக்கரில்லாமல் வேகவைக்க முயன்றவர்களுக்கு அந்த அவதி தெரியும். மத்திக்கு அந்தக் கவலை இல்லை, 70 டிகிரி தாண்டினாலே சதை வெந்துவிடும். முள்ளையும் சேர்த்து மென்று தின்ன ஆசைப்படுபவர்கள் மட்டும் குக்கரை எடுக்கட்டும்.