ஸ்ட்ராப்வொர்க்: வார்ப்பட்டை வேலைப்பாடு

தடித்த தோலைப் பட்டை பட்டையாக வெட்டி, நடுவில் துளைகள் விட்டு, ஓரங்களைச் சுருட்டி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி அடுக்கினால் எப்படி இருக்கும்? அந்தத் தோற்றத்தைக் கல்லிலோ சுதையிலோ மரத்திலோ செதுக்கிக் காட்டுவதற்குப் பெயர் ஸ்ட்ராப்வொர்க். வட ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலக் கட்டடத்தை இத்தாலியக் கட்டடத்திலிருந்து பிரித்தறிய ஒரே ஓர் அடையாளம் கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்ட்ராப் என்றால் வார். லத்தீனில் பட்டையைக் குறித்த ஸ்ட்ரூப்பஸ் என்ற சொல்லில் இதன் வேர் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இந்த வேலைப்பாட்டை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஓரம் சுருண்டது ரோல்வெர்க். தட்டையாக, ஆணித்தலைகள் தெரிய, பெட்டியிலும் கதவிலும் அறையும் உலோகப் பட்டை போல இருப்பது பெஷ்லாக்வெர்க். நல்ல பாகுபாடு, ஆங்கிலச் சொல்லில் இந்த நுட்பம் இல்லை.

வடக்கின் முத்திரையான இதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஓர் இத்தாலியர் என்பது வியப்பான செய்தி. பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா அழைத்துவந்த ரோசோ ஃபியொரெண்டினோ, 1530களில் ஃபோந்தேன்புளோ அரண்மனைக் கூடத்தில் ஓவியங்களைச் சுற்றிச் சுதையில் இந்தச் சுருள்பட்டைகளை அமைத்தார். அச்சுப் படங்கள் வழியாக அது இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் நகருக்குப் போனது. அங்கே கொர்னேலிஸ் ஃப்ளோரிஸும் ஹான்ஸ் ஃப்ரேடமான் டி ஃப்ரீஸும் அதை மாதிரிப் படங்களாக வரைந்து வெளியிட்டார்கள். அப்புறம் இத்தாலியையே பார்த்திராத கொத்தனாரும் தச்சரும்கூட ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு செதுக்க முடிந்தது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே 1580 முதல் 1588 வரை ராபர்ட் ஸ்மித்சன் கட்டிய வொல்லட்டன் மாளிகையின் முகட்டு அலங்காரம், ஃப்ரீஸின் படங்களைப் பார்த்துச் செய்ததுதான்.

சரி, வடக்கில் மட்டும் ஏன் இது இவ்வளவு வேரூன்றியது? கூரையைப் பாருங்கள். மழையும் பனியும் வழிந்தோட அங்கே கூரை செங்குத்தாக நிற்கும். அதன் முனையில் உயரமான முக்கோணச் சுவர் தெருவைப் பார்த்து எழும். கிடைக்கோடுகளால் அமைதி தேடிய இத்தாலிய முகப்பில் இப்படி ஒரு சுவருக்கு இடமே இல்லை. வடக்கத்திக் கலைஞர்கள் பழைய உயரத்தை விடவில்லை. ரோமானியத் தூண்களை மாடிக்கு மாடி அடுக்கினார்கள், சுவரின் படிக்கட்டு விளிம்பைச் சுருள்களாலும் வார்ப்பட்டைகளாலும் மூடினார்கள். நல்ல கட்டடக் கல் அரிதான நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் சுவர் செங்கல்; அதில் வெளிர்நிற மணற்கல் அலங்காரம் எடுப்பாகத் தெரியும். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியான் கட்டிய ஃபிரடரிக்ஸ்போர்க் கோட்டை இதற்குச் சிறந்த சான்று. (தரங்கம்பாடியில் 1620இல் டேனியக் கோட்டை எழுந்ததும் இவர் ஆட்சியில்தான்.) இங்கிலாந்தின் ஹார்ட்விக் மாளிகையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: கோபுர உச்சிகளில், வானம் ஊடே தெரியும் கல் வார்ப்பட்டைகளுக்கு நடுவே வீட்டுக்காரியின் பெயரெழுத்துகள் நிற்கின்றன.

இனி தமிழ்ச் சொல். கொடிக்கருக்கு என்று சொல்லிவிடலாமா? கூடாது. நம் கோயில் சிற்பத்தில் அது இலையும் தளிருமாக வளைந்தோடும் கொடி. இங்கே செடியே இல்லை. வெட்டிய தோலின் தடிமனும் விறைப்பும்தான் இருக்கின்றன. பின்னல் வேலை என்பதும் பொருந்தாது. பட்டைகள் எல்லா இடத்திலும் பின்னிக்கொள்வதில்லை. வெறும் பட்டை வேலை என்றால் துணியா தகடா என்று தெரியாது. வார் என்பதோ செருப்பு வார் முதல் முரசின் வார் வரை தோலையே நினைவூட்டும் சொல். அதனால் வார்ப்பட்டை வேலைப்பாடு என்பதே என் தேர்வு. ரோல்வெர்க்கைச் சுருள்வார் என்றும், பெஷ்லாக்வெர்க்கை, உலக்கைப் பூணை நினைத்து, பூண்பட்டை என்றும் சொல்லலாம். தொடராகவும் எளிதில் வரும்: வார்ப்பட்டை முகடு, வார்ப்பட்டைக் கைப்பிடிச்சுவர், சுருள்வார்ச் சட்டம்.