நாசில் 'கிர்ர்' என்று கத்த வேண்டும்

5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால், அதன் இன்ஜெக்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 12 முறைக்கு மேல், டீசலைப் பீய்ச்சுகிறது. ஒவ்வொரு முறையும் போவது ஏறக்குறைய அரைச் சொட்டுதான். அந்த அரைச் சொட்டு புகைபோல நுண்மையாகத் தூவப்பட்டால் முழுதும் எரியும். ஒழுகினால் கரும்புகை, டீசல் வீண்.

இன்ஜெக்டரின் நுனியில் டீசலைத் தூவும் பாகம்தான் நாசில். அதற்குள் ஓர் ஊசி இருக்கிறது. மேலிருந்து ஸ்பிரிங் அதை அழுத்தி ஓட்டையை அடைத்து வைத்திருக்கும். பம்பிலிருந்து வரும் டீசல் ஊசியின் தோளில் முட்டி, அழுத்தம் சுமார் 200 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தொட்டதும் ஊசி எழும்புகிறது. எழும்பிய உடனே, அதுவரை அடைபட்டிருந்த முனையின் அடியிலும் டீசல் புகுந்து தள்ளும். அதனால் ஊசி மெல்லத் திறக்காமல் சடாரென்று திறக்கும். அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் படக்கென்று மூடும். கையால் அடிக்கும் சோதனைப் பம்பான டெஸ்டரில் இன்ஜெக்டரை மாட்டி மெதுவாக அடித்தால் இந்தத் திறப்பும் மூடலும் அடுத்தடுத்து நடந்து 'கிர்ர்' என்று கேட்கும். எனக்கு மீட்டர் முள்ளைவிட இந்தச் சத்தத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

வீட்டில் கழற்றுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஜோடி மாறக்கூடாது என்பதே. ஊசிக்கும் அதன் உடலுக்கும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள், ஒன்றின் ஊசி இன்னொன்றுக்குச் சேராது. சுத்தமான டீசலில் அலசி, நாசிலைச் சாய்த்துப் பிடித்து, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நடுவில் நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது ஊசி கீறல் பட்டிருக்கிறது. காட்டன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள், ஒரு நூல் போதும் ஊசியை நிறுத்த. கரியை எடுக்கப் பித்தளை பிரஷ்.

அழுத்தத்தைச் சில இன்ஜெக்டர்களில் திருகு வைத்தும், சிலவற்றில் ஸ்பிரிங்குக்கு மேல் ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் போட்டும் கூட்டலாம். பல இன்ஜெக்டர்களில் 0.05 மி.மீ. ஷிம் ஏறக்குறைய 5 பார் கூட்டும். கூட்டினால் பவர் ஏறும் என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். தூவல் கொஞ்சம் நுண்மையாகும், ஆனால் டீசல் இறங்கத் தாமதமாகும், டீசல் பீய்ச்சும் நேரம் (டைமிங்) பின்தங்கும். ஓட்டையைப் பெரிதாக்குவது அதைவிட மோசம்: துளி பெரிதாகும், எரிந்து முடிய நேரம் போதாது.

கடைசிச் சோதனை ஒழுகல். டெஸ்டரில் அழுத்தத்தை, ஊசி திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே, 10 நொடி பிடித்து வைக்க வேண்டும். முனையில் சொட்டு திரளக்கூடாது.

டெஸ்டர் அடிக்கும்போது தூவலுக்கு முன்னால் கையைக் கொண்டுபோகாதீர்கள். டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தின புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்கும்படி ஆகலாம். அப்படிப் பட்டுவிட்டால் காத்திருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.