ஊர்க் கல்வெட்டில் தாத்தாவின் பெயர் விடுபட்டிருந்தால் எங்கே போவது, எதைக் கேட்பது

2023 ஆகஸ்டில் 'என் மண் என் தேசம்' என்று ஊராட்சிகளில் ஊர்த் தியாகிகளின் பெயர் பொறித்த கல்வெட்டு திறந்தார்கள். கொடியேற்றி, மரக்கன்று நட்டு, உறுதிமொழி எடுத்து முடித்த பிறகு எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா என்னிடம் வந்தார். "கல்லுல எங்கப்பா பேரே இல்லையே தம்பி. அலிப்புரம் ஜெயில்ல கிடந்தவரு." சேலைத் தலைப்பில் சுற்றி அவர் கொண்டுவந்திருந்தது 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு அரசு கொடுத்த தாமிரப் பட்டயம்.

ஊராட்சியில் கேட்டால் பட்டியல் மேலிருந்து வந்தது என்றார்கள். மேலே கேட்டால் ஊராட்சி அனுப்பியதைத்தான் வைத்தோம் என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் "பென்ஷன் செக்‌ஷனுக்குப் போங்க" என்றார்கள். அவர் பென்ஷனே கேட்கவில்லை, அப்பா பெயரைத்தான் கேட்டார். அவரைப் போல அலைகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திட்டங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். விடுதலையின் 75-ஆவது ஆண்டையொட்டி 'விடுதலையின் அமிர்தப் பெருவிழா' 2021 மார்ச் 12-இல் சபர்மதியில் தொடங்கி 2023 ஆகஸ்ட் வரை நடந்தது. உள்ளூர் வரலாற்றைப் பதிய அதில் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, மாவட்ட வாரியாக மனிதர்கள், சம்பவங்கள், இடங்கள், கலைகளைத் தொகுத்த டிஜிட்டல் மாவட்டக் களஞ்சியம். இரண்டாவது, ஒவ்வொரு கிராமத்துக்கும் இணையத்தில் ஒரு பக்கம் போட்ட 'எனது கிராமம் எனது பாரம்பரியம்'. மூன்றாவது, ஊராட்சிக் கல்வெட்டு. இந்த மூன்றில் எதில் பெயர் வந்தாலும் பணம் வராது. பணம் வேறு கதவு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்வெட்டில் பெயர் ஏன் விடுபட்டது என்று முதலில் பாருங்கள். அந்தக் கல் நாட்டுக்காக உயிர்நீத்தவர்களுக்கானது. விடுதலைப் போராட்டத்தில் இறந்தவர்கள், ராணுவத்திலும் போலீசிலும் பணியில் இறந்தவர்கள் என்று வகை சொல்லித்தான் அறிவித்தார்கள். சிறைக்குப் போய்த் திரும்பிவந்து, ஊரில் விவசாயம் பார்த்து, வயதாகிச் செத்தவர் அந்த வகையில் வரமாட்டார் என்று ஒரு அலுவலர் சொன்னால் அது விதிப்படி தவறில்லை. ஆனால் அதே ஊராட்சியில் வேறொருவர் அப்படியே சிறை சென்று திரும்பியவராக இருந்து, அவர் பெயர் மட்டும் கல்லில் இருந்தால், அங்கே நீங்கள் கேள்வி கேட்கலாம்.

எப்படிக் கேட்பது? கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மனு பெரும்பாலும் சுற்றிச்சுற்றி அதே ஊராட்சிக்கே திரும்பிவரும். அதனால் கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். "ஏன் எங்கள் தாத்தா பெயரை விட்டீர்கள்" என்று எழுதாதீர்கள். அதைத் 'தகவல்' இல்லை என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: கல்வெட்டுக்கான பெயர்ப் பட்டியலின் நகல், அதைத் தயாரித்த அலுவலரின் பதவி, எந்த ஆவணத்தைப் பார்த்துப் பெயர் எடுத்தார்கள், அதற்கு வந்த சுற்றறிக்கையின் நகல். இந்த நான்கு போதும்.

மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு அந்த ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு மாதம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "இது எங்கள் அலுவலகம் இல்லை" என்று மனுவைத் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அதற்கு அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தமிழிலேயே எழுதலாம், வக்கீல் தேவையில்லை.

அப்புறம் கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பேசினால் மட்டும் போதாது. பேச்சைக் கைதட்டிக் கேட்டுவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் விட்டுவிடுவார்கள். கூட்டம் முடிவதற்குள் உங்கள் கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு நகல் கேளுங்கள். அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் அடுத்த அலுவலகத்தில் உங்களை நடத்தும் விதமே மாறும்.

'எனது கிராமம் எனது பாரம்பரியம்' இணையப் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தேடும்போது உங்கள் ஊர்ப் பெயர் வரவில்லை என்றால் ஊரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இருப்பது குக்கிராமமாக இருந்தால் தாய்க் கிராமத்தின் பெயரில் தேட வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றிமாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த அலுவலகம் போனாலும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "ஆதாரம் இருக்கா?" தாமிரப் பட்டயம் இருந்தால் நல்லது. இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். சான்று கொடுங்கள் என்று தாலுகா ஆபீசில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் நீங்கள் இன்னாருடைய வாரிசு என்று மட்டும்தான் சொல்லும். இன்னார் சிறை சென்றார் என்று சொல்லாது. அதை வாங்குவதற்கு மூன்று மாதம் அலைந்துவிட்டு, பிறகு இது இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

ஆதாரம் இருக்கும் இடம் வேறு. முதலில் பார்க்க வேண்டியது, தமிழ்நாடு அரசு 1973-இல் வெளியிட்ட விடுதலைப் போராட்ட வீரர்கள் யார் எவர் என்ற தொகுதிகள். பழைய நூலகங்களில் கிடைக்கும். போராட்டத்தில் உயிரிழந்தவர் என்றால், 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தியாகிகள் அகராதியின் ஐந்தாம் தொகுதியில் தமிழ்நாட்டுப் பெயர்கள் உள்ளன. இரண்டிலும் இல்லையென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சென்னை மாகாணத்தின் அரசாணைகளும் ரகசியக் கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். அதன் அபிலேக் படல் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். சுதேசமித்திரன் போன்ற அக்காலப் பத்திரிகைகளில் கைதானவர்களின் பெயர்கள் வந்திருக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம்.

தேடும்போது பலர் தவறவிடுவது ஊர்ப் பெயரில். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய அந்தப் பயணத்தில் பல மாவட்டத்துக்காரர்கள் நடந்தார்கள். அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த வேதாரண்யம் கடற்கரையில் கைதான ஒருவரை அவருடைய சொந்த மாவட்டத்தின் கோப்புகளில் மட்டும் தேடினால் கிடைப்பது கஷ்டம். கைதான இடம், தண்டனை கொடுத்த கோர்ட், அடைத்த சிறை மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

சிறையிலும் அதே சிக்கல்தான். அலிப்புரம் சிறை பெல்லாரியில் இருந்தது, இன்று அது கர்நாடகம். கண்ணனூர் கேரளம், ராஜமுந்திரி ஆந்திரம். அன்று எல்லாம் ஒரே சென்னை மாகாணம். இங்குள்ள சிறை அலுவலகத்தில் "எங்களிடம் பதிவேடு இல்லை" என்று எழுதித் தந்தால், உங்கள் தாத்தா சிறைக்கே போகவில்லை என்று பொருளாகாது. "இல்லை" என்ற அந்தக் கடிதத்தையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஆவணம் கிடைக்கவில்லை என்று காட்ட அதுவே ஆவணம்.

பெயர் விஷயத்தில் பொறுமை வேண்டும். ஒரே சிறையில் ஒன்றுக்கு மேற்பட்ட ராமசாமி இருந்திருப்பார். தகப்பனார் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால்தான் அவர் உங்கள் தாத்தா. வேறொருவரின் தண்டனையை உங்கள் குடும்பத்துக்கு எடுத்துக்கொண்டால் இன்னொரு குடும்பத்தின் பெயர் அழிகிறது, அதையும் நினைவில் வையுங்கள்.

பணத்தைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியம் 1972 ஆகஸ்ட் 15-இல், விடுதலையின் வெள்ளி விழாவில் தொடங்கியது. 1980-இல் வருமான வரம்பை நீக்கி மரியாதை ஓய்வூதியமாக்கினார்கள். குறைந்தது ஆறு மாதம் சிறை, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். தீர்ப்பில் எழுதிய காலம் கணக்கில்லை, உள்ளே இருந்த காலம்தான் கணக்கு. ஆறு மாதத் தண்டனை பெற்று, 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தால் முன்னதாக விடுதலையானவர்கள் இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். அதே சமயம், தண்டனைக் கழிவில், அதாவது சிறையில் தண்டனையிலிருந்து குறைத்துக் கொடுத்த நாட்களில், ஒரு மாதம் வரை சேர்த்துக்கொள்ளலாம். பல தடவை சிறை சென்றிருந்தால் கூட்டிக்கொள்ளலாம். விசாரணைக் கைதியாக இருந்த நாட்களும், வழக்கு தண்டனையில் முடிந்திருந்தால், சேரும். இதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு.

இன்று அந்த ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெறக்கூடியவர்கள் வீரரின் மனைவி அல்லது கணவர், அவருக்குப் பின் திருமணமாகாத, வேலையில்லாத மகள்கள். மகன் வரமாட்டார், பேரன் பேத்தி வரமாட்டார்கள். விதவை மகளும் விவாகரத்தான மகளும் மத்திய வழிகாட்டுதலில் இல்லை, கோர்ட்டுக்குப் போய்ப் பெற்றவர்கள் இருந்தாலும். ஆகவே "பேரனுக்குத் தியாகி பென்ஷன் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாநில அரசின் ஓய்வூதியம் தனித் திட்டம். அதைத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறை பார்க்கிறது, மத்தியத் திட்டத்தை உள்துறை அமைச்சகம் பார்க்கிறது. மனுவின் முதல் வரியிலேயே எது என்று எழுதாவிட்டால் இரண்டு பக்கமும் தள்ளுவார்கள்.

தாமிரப் பட்டயம், சிறைக் கடிதம், பழைய போட்டோ எதையும் அசலாக எந்த மேஜையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். "பார்த்துட்டுத் தர்றோம்" என்பார்கள். அந்த அம்மா தன் அப்பாவின் விடுதலைச் சீட்டை ஒரு அலுவலகத்தில் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தார். இன்றுவரை அது திரும்பவில்லை. நகலில் சுயகையொப்பம் போட்டுக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.