முன்பின் மாறிய வண்டு

‘வண்டு’ என்று பொருள்படும் பெயர் கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் முன்மூடியைத் திறந்தால் எஞ்சினைக் காணோம். பெட்ரோல் டேங்க், ஸ்டெப்னி, ஒரு பெட்டி வைக்கக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். எஞ்சின் பின்னால் இருக்கும். அது காற்றிலேயே குளிர்ந்துகொள்வதால் ரேடியேட்டர் கிடையாது. ரேடியேட்டர் இல்லாததால் முகத்தில் கிரில்லும் தேவைப்படவில்லை. அந்த வழுவழு மூக்கும், பின்கண்ணாடிக்குக் கீழே வரிசையாக ஓடும் காற்றுத் துளைகளும் வந்த கதை இதுதான்.

1993-இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் விற்பனை 50,000 கார்களுக்கும் கீழே போயிருந்தது. அடுத்த ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சிக்கு, பழைய பீட்டிலின் உருவத்தை நினைவூட்டும் ‘கான்செப்ட் ஒன்’ என்ற மாதிரிக் கார் வந்தது. கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் ஜே மேஸ், ஃப்ரீமன் தாமஸ் இருவரும் வடிவமைத்தது. இரண்டு சக்கர வளைவுகள், மேலே ஒரு கூரை வளைவு; குழந்தைகூட வரைந்துவிடும். கூட்டம் மொய்த்தது. காட்சிக்காகச் செய்ததை விற்பனைக்கே கொண்டுவர முடிவானது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஒரு காரில் அதிகப் பணத்தை விழுங்குவது வெளித்தகடு அல்ல. தரைத்தட்டு, சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எஞ்சினைத் தாங்கும் சட்டம் எல்லாம் சேர்ந்த ‘பிளாட்ஃபார்ம்’. அதை ஒரு காருக்காகத் தனியாக உருவாக்கினால் கட்டுப்படியாகாது. எனவே கான்செப்ட் ஒன், ஃபோக்ஸ்வாகனின் போலோ காரின் பிளாட்ஃபார்மை நம்பியதுபோல, விற்பனைக்கு வந்த ‘நியூ பீட்டில்’ அதே நிறுவனத்தின் நான்காம் தலைமுறை கோல்ஃப் காரின் பிளாட்ஃபார்ம் மேல் உட்கார்ந்தது. கோல்ஃபிலோ எஞ்சின் முன்னால், அதுவும் நீரில் குளிர்வது. ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும், மூக்கிலோ ஓட்டை போடக் கூடாது! காற்று வாயைப் பம்பருக்குக் கீழே தள்ளி ஒளித்தார்கள். சாமான் வைக்கும் இடம் பின்னால் போனது.

கூரை வளைவுக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வில் முழுசாக அமைய, முன்கண்ணாடியின் அடி வெகுதூரம் முன்னே போனது. அதனால் டாஷ்போர்டு சாப்பாட்டு மேஜை அளவுக்கு நீண்டுவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து அதன் கடைக்கோடியைத் துடைப்பது பெரும்பாடு. பின்சீட்டில் உயரமானவர் உட்கார்ந்தால் தலை இடிக்கும். எனக்கு இது நியாயமான பேரமாகப் படவில்லை. ஆனால் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒற்றைப் பூ செருக ஒரு குட்டிக் குடுவை வைத்தார்களே, அதைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் தணிகிறது.

நியூ பீட்டில் உற்பத்தி 1997-இல் மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், பழைய பீட்டிலும் அப்போது அங்கேதான் தயாராகிக்கொண்டிருந்தது. 2003 ஜூலையில் அதன் கடைசிக் கார் வெளியே வந்தது: 2,15,29,464-ஆவது. அதிலும் எஞ்சின் பின்னால்தான்.