சொல் விளக்கம்: மகுட ஈதர் நீர்மப் படிகம்

'ஈதர்' கிரேக்கச் சொல். ஒளிரும் மேல்வானத்தைக் குறித்தது. வேதியியலில், இரண்டு கார்பனுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் நிற்கும் சேர்மம். அப்படிப் பல ஆக்சிஜன்களைக் கோத்து வளையமாக்கினால் அது கிரவுன் ஈதர். டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் பெடர்சன் 1967-இல் இவற்றை வெளியிட்டார். மூலக்கூறின் மாதிரி கிரீடம் போலத் தெரிந்தது. உலோக அயனிக்கு, அதாவது மின்னூட்டம் பெற்ற உலோக அணுவுக்கு, அதைச் சூட்டவும் கழற்றவும் முடிந்தது. அதனால் அந்தப் பெயர்.

'18-கிரவுன்-6' என்றால் வளையத்தில் 18 அணுக்கள், அதில் 6 ஆக்சிஜன். ஈரோட்டு மஞ்சள் காட்டுக்குப் போடும் பொட்டாஷில் இருக்கிறதே பொட்டாசியம், அதன் அயனி இந்த வளையத்தின் நடுக்குழிக்குள் கச்சிதமாக உட்காரும். சோடியத்துக்கு 15-கிரவுன்-5 பொருந்தும்.

கிரவுன் என்றால் கிரீடம். அதற்குத் தமிழில் 'முடி' நல்ல பழஞ்சொல்தான். ஆனால் 'முடி ஈதர்' என்றால் பிள்ளைகளுக்குத் தலைமுடிதான் நினைவுக்கு வரும். 'மகுட ஈதர்' என்பதே சரி.

அப்புறம் நீர்மப் படிகம். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் சூடாக்கிய கொலஸ்டிரில் பென்சோயேட் என்ற சேர்மம் 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. அந்த இடைப்பட்ட நிலையில் பொருள் ஓடும், ஆனால் மூலக்கூறுகளின் ஒழுங்கு முழுசாகக் கலைந்திருக்காது.

மகுட ஈதரை இந்த நிலைக்குக் கொண்டுவர வளையம் மட்டும் போதாது. கோல் போன்ற விறைப்பான பகுதியை ஒட்டினால் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும். தட்டையான நடுப்பகுதியைச் சுற்றி நீண்ட கார்பன் வால்களை வைத்தால் தூண் தூணாக அடுக்கிக்கொள்ளும். வாலின் நீளம் மாறினால் உருகும் வெப்பநிலையும் மாறும்.

உப்பு சேர்ப்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த இடம். அயனி உள்ளே அமர்ந்ததும் வளையத்தின் வடிவம் இறுகுகிறது. சிலவற்றில் நீர்மப் படிக நிலை நீடிக்கும் வெப்பநிலை வீச்சு அகலமாகும், சிலவற்றில் அந்த நிலையே காணாமல் போகும். திருப்பூர் சாயப்பட்டறையில் சாயம் துணியில் ஏற, சமையல் உப்பும் போடுவார்கள், கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) போடுவார்கள். இரண்டும் சோடியம் தருவதால் வேலை நடந்துவிடும். இங்கே அப்படி இல்லை. உலோகம் ஒன்றாகவே இருந்தாலும், கூட வருவது குளோரைடா அயோடைடா என்பதைப் பொறுத்து விளைவு வேறுபடும். ஆகவே 'உப்பு சேர்த்தபோது' என்று மட்டும் எழுதக் கூடாது. பொட்டாசியம் அயோடைடு என்று முழுப்பெயரையும் எழுத வேண்டும்.