சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்திவிடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாட்டுகளை மிக்ஸிங் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து கொடுப்பது என் பிழைப்பு. வருபவை பெரும்பாலும் இளைஞர்கள் தாங்களே எழுதி, மெட்டமைத்து, வீட்டிலேயே பதிந்தவை. போன மாதம் ஒரு தம்பி பென் டிரைவோடு வந்தார். மொத்தம் எட்டு டிராக், அதாவது எட்டுத் தனிப்பதிவுகள். குரல் அருமை, கீபோர்டும் சரி. உறுமியைத் தனியாக ஒலிக்கவிட்டேன். ஒவ்வொரு அடியிலும் கரகரவென்று ஓர் உடைசல். திரையில் அலையைப் பெரிதாக்கினால், உச்சியெல்லாம் வேலிச்செடியைக் கத்தரித்த மாதிரி தட்டையாக இருந்தது.

“மிக்ஸிங்ல சரிபண்ணிடலாம்தானே, அண்ணே?”

முடியாது. அளவுக்கு மீறிச் சத்தமாகப் பதிந்ததில் ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. வெட்டுப்பட்ட இடத்தில் என்ன இருந்தது என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது, ஊகித்து ஒட்டுப்போடும். ஓரிரு இடமென்றால் ஒட்டு தெரியாது. பாட்டு முழுக்க என்றால் ஒட்டுத்தான் தெரியும்.

சத்தமாகப் பதிந்தால்தான் தரம் என்ற நம்பிக்கை கேசட் காலத்து மிச்சம். 1979-இல் டாஸ்காமின் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தபோதுதான் சாதாரண கேசட்டிலேயே நான்கு டிராக் பதிய முடிந்தது. நாடாவுக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. அது அமுங்கவேண்டும் என்றே சத்தத்தை ஏற்றிப் பதிந்தார்கள். கொஞ்சம் மீறினாலும் நாடா பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் பொறுக்காது. அதன் அளவுகோலில் உச்ச வரம்பு பூஜ்ஜியம் டெசிபெல்; அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், ஒலி வெட்டுதான். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் இன்று 24 பிட்டில் பதிகிறது; பிட் கூடக் கூட, ஒலியை அளக்கும் நுணுக்கமும் கூடும். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல். உச்சத்தை மைனஸ் 12 டெசிபெலில் நிறுத்தினால் போவது இரண்டே பிட்; மீதம் 22. சிடிக்கே 16 பிட்தான்!

அளவு வைக்கும்போது உறுமியை மெதுவாகத் தட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். பாட்டில் எந்த இடம் உச்சமோ அதை அடிக்கச் சொல்லுங்கள். பதிவு ஓடத் தொடங்கியதும் அதைவிட ஓங்கித்தான் அடிப்பார்கள், எனக்குத் தெரிந்து எல்லா உறுமிக்காரர்களும் அப்படித்தான். மைக் இரண்டடி தள்ளியே இருக்கட்டும். குறைக்க வேண்டியது இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் திருகை, அதாவது உள்ளே வரும் ஒலியின் அளவை. அந்தத் தம்பி கணினித் திரையில் ஃபேடரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை இறக்கியிருந்தார். ஒலி வெட்டுப்பட்ட பிறகு வருவது அந்த ஃபேடர். அதை இறக்கினால் உடைசல் சன்னமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

அப்புறம் அறை. தகரக் கூரை வீட்டில் மாலை மழையோடு மல்லுக்கட்ட வேண்டாம், மழை விட்டபின் இரவில் பாடுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். சேலை அடுக்கிய அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினால் எதிரொலி நன்றாகக் குறையும். முட்டை அட்டையை ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்காது, கரப்பான்தான் குடியேறும். மெல்லிய ஒலியையும் பிடித்துவிடும் கண்டென்சர் மைக்கில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் சேர்ந்து பாடும். ஊர்ச் சத்தத்துக்கு நடுவே வாயருகே பிடித்துப் பாடும் டைனமிக் மைக்கே மேல்.

இரைகிறது என்று பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டு மின்சாரம் விளையாட்டல்ல. முதலில் மடிக்கணினி சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சலே அங்கிருந்துதான் வருகிறது.

உறுமியை மட்டும் மறுபடி பதியச் சொல்லி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு கொண்டுவந்தார். உச்சம் மைனஸ் 13. இரண்டாவது சரணத்தில் சேவல் ஒன்று கூவியிருந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டும், அண்ணே” என்றார்.