மெதுவாக ஓடினால் வேகம் எப்படிக் கூடுகிறது?

ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரு வருடத்துக்கு முன் ஓட ஆரம்பித்தாராம். முதல் வாரம் ஒரு கிலோமீட்டர்கூட முடியாமல் மூச்சு முட்டி நின்றிருக்கிறார். நாலாவது மாதம் 5 கி.மீ. ரேஸ், ஏழாவது மாதம் 10 கி.மீ., பதினோராவது மாதம் அரை மாரத்தான், அதாவது 21.1 கி.மீ. அடுத்த குறி முழு மாரத்தான். இத்தனைக்கும் அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில்தான். "மெதுவாக ஓடி ஓடி எப்படி வேகம் வந்தது, உடம்புக்குள் என்னதான் மாறியது?" என்கிறார். கூடவே இன்னொரு கவலையும்: அரை மாரத்தான் முடிந்த கையோடு காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஓடவில்லை, ஒரு வருட உழைப்பும் போய்விட்டதா?

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் போய்த் தொடுகிறது.

முதலில் இதயம், ரத்தம். இது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த கதைதான். ஓட ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது. அதனால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் கூடுகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் அது வெளியே தள்ளும் அளவும் கூடுகிறது, அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு குறைகிறது. சிவப்பணுக்கள் கூடுவதற்கு இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கும். மாதங்கள் போகப்போக இதயமே பெரிதாகிறது. 1899இலேயே ஹென்ஷன் என்ற ஸ்வீடன் மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையை வைத்தே அவர்கள் இதயம் பெரிது என்று கண்டுபிடித்துவிட்டார்.

சரி, ஆக்சிஜன் தசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதை அங்கே வாங்கிப் பயன்படுத்துவது யார்? பள்ளிக்கூடத்தில் "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று படித்த மைட்டோகாண்ட்ரியாதான். 1967இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை டிரெட்மில்லில் வாரக்கணக்கில் ஓடவைத்து, தினசரி ஓட்டத்தைப் படிப்படியாக இரண்டு மணி நேரம் வரை கூட்டினார். ஓடிய எலிகளின் தசையில், ஒவ்வொரு கிராமிலும், மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அதாவது ஓடுவதால் தசைக்குள் ஆற்றல் நிலையங்களே கூடுகின்றன.

ஆனால் தசைக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஓடினீர்கள், நாளையும் ஓடப்போகிறீர்கள், அதனால் ஆற்றல் நிலையம் பற்றாது, இன்னும் கட்டு என்று ஒரு செல்லுக்கு யார் சொல்கிறார்கள்? மூளையிலிருந்து அப்படி ஒரு உத்தரவு போவதில்லை. ஒரு காலை மட்டும் பயிற்சி செய்யவைத்தால் அந்தக் காலில்தான் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, மறுகாலில் கூடுவதில்லை. ஆகவே தசை தானாகவே கணக்கு பார்க்கிறது. அந்தக் கணக்கு இருக்கிறதே, அது எனக்குத் தெரிந்த உயிரியலில் மிக அழகான விஷயங்களில் ஒன்று.

செல்லின் எரிபொருள் அடினோசின் ட்ரை பாஸ்பேட். ஒரு தலை, அதன் பின்னால் மூன்று பாஸ்பேட்டுகள். தசை சுருங்கும்போது ஒரு பாஸ்பேட் கழன்று அடினோசின் டை பாஸ்பேட் ஆகிறது. இரண்டின் சுருக்கப்பெயரையும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி வந்து குழப்பும், அதனால் நான் மூன்றுவால், இரண்டுவால் என்றே சொல்கிறேன். மூன்றுவால் ஒரு வாலை இழந்தால் ஆற்றல் கிடைக்கும், மிஞ்சுவது இரண்டுவால். அதற்கு மறுபடி வால் ஒட்டி மூன்றுவாலாக்குவதுதான் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. தசையில் இருக்கும் மூன்றுவால் இருப்பு வேகமான ஓட்டத்தில் சில நொடிகளுக்குத்தான் காணும். ஆகவே செலவும் வரவும் கூடவே நடந்துகொண்டிருக்க வேண்டும்.

வரவு கொஞ்சம் பின்தங்கும்போது தசை ஒரு காரியம் செய்கிறது. இரண்டு இரண்டுவால்களைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒன்றின் வாலைக் கழற்றி மற்றதில் ஒட்டிவிடுகிறது. இதைச் செய்ய அடினைலேட் கைனேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. ஒன்று மூன்றுவால் ஆகிவிட்டது, உடனே செலவழிக்கலாம். மற்றது? அது இப்போது ஒற்றைவால்.

இந்த ஒற்றைவால்தான் சேதி சொல்லும் ஆள். ஓய்வாக இருக்கும் செல்லில் நூறு மூன்றுவாலுக்குப் பத்து இரண்டுவால், ஒரே ஒரு ஒற்றைவால் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓட ஆரம்பிக்கிறீர்கள். மூன்றுவால் நூறிலிருந்து தொண்ணூறாகிறது, பத்தே சதவீதம் குறைவு. இரண்டுவால் பத்திலிருந்து பதினெட்டு ஆகிறது. ஒற்றைவாலோ ஒன்றிலிருந்து மூன்றரைக்கும் மேலே போய்விடுகிறது! காரணம் எளிய வேதிச்சமநிலைதான், பள்ளிக் கணக்கே போதும். மூன்றுவாலோடு ஒப்பிட்டால் இரண்டுவாலின் பங்கு இரண்டு மடங்கானால், ஒற்றைவாலின் பங்கு அதன் வர்க்கமாக, நாலு மடங்காகும். எரிபொருள் அளவில் லேசான ஒரு சரிவு, அது ஒற்றைவாலில் பெரிய ஏற்றமாகத் தெரிகிறது. ஒரு மெல்லிய ஓசையை ஒலிபெருக்கியில் கொடுத்த மாதிரி. தனியாக எந்தக் கருவியும் இல்லாமல், ஒரே ஒரு நொதியை வைத்துக்கொண்டு இதைச் சாதிக்கிறது செல்.

இந்த ஏற்றத்தை அளக்க ஒரு புரதம் இருக்கிறது, ஏஎம்பிகே. அதில் சில பள்ளங்கள். ஒற்றைவாலும் மூன்றுவாலும் அதே பள்ளத்துக்குப் போட்டி போடுகின்றன. மூன்றுவால் உட்கார்ந்தால் புரதம் அமைதியாக இருக்கும், ஒற்றைவால் உட்கார்ந்தால் விழித்துக்கொள்ளும். ஆகவே அது அளப்பது ஒன்றின் அளவை மட்டும் இல்லை, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை. விழித்தவுடன் செலவுகளை நிறுத்தச் சொல்லும், சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கச் சொல்லும், அப்புறம் செல்லின் கருவுக்குச் சேதி அனுப்பும். இதோடு, தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் கால்சியம் வெளியாகிறது, அதையும் எண்ணி இன்னொரு சேதி போகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் இரண்டு காலும் சேர்ந்து பத்தாயிரம் அடி வைக்கின்றன என்றால், எத்தனை முறை அந்தச் சேதி போயிருக்கும் பாருங்கள்.

இரண்டு சேதிகளும் போய்ச் சேரும் முக்கியமான இடம் பிஜிசி-1 ஆல்பா என்ற புரதம். கட்டுமான மேலாளர் என்று சொல்லலாம். இதன் வேலை சுலபமில்லை, ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ இருக்கிறது. அம்மாவிடமிருந்து மட்டும் வருவது, வட்டமானது, 37 மரபணுக்கள், அதில் புரதம் செய்பவை 13தான். மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்பு செல்லின் கருவில் இருக்கிறது. ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்றால், மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. இதை லின் மார்குலிஸ் விரிவாக வாதிட்டு எழுதியதும் அதே 1967இல்தான், ஹாலோசி எலிகளை ஓடவிட்ட வருடம். ஆகவே பிஜிசி-1 ஆல்பா இரண்டு இடங்களையும் ஒத்திசைக்க வேண்டும். கருவில் உள்ள மரபணுக்களைத் தூண்டி, அதில் உருவாகும் ஒரு புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி, அங்கிருக்கும் டிஎன்ஏவையும் பெருகவைக்கிறது. நூறு கோடி ஆண்டுக்கும் முன்னால் சேர்ந்துகொண்ட இரண்டு உயிர்கள், நீங்கள் காலையில் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது, இன்னும் கொஞ்சம் கட்டலாம் என்று பேசி முடிவு செய்கின்றன. இதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

ஒரு விஷயம் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. ஏஎம்பிகேயின் தடயம் முதலில் கிடைத்தது 1973இல், கல்லீரல் எப்படிக் கொழுப்பு தயாரிக்கிறது என்று பார்த்தவர்களுக்கு. பிஜிசி-1 ஆல்பா 1998இல் கிடைத்தது, எலிகள் குளிரில் எப்படி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கின்றன என்று பழுப்புக் கொழுப்பை ஆராய்ந்த ப்ரூஸ் ஸ்பீகல்மேனின் குழுவுக்கு. இரண்டு பேருமே ஓட்டப் பயிற்சியைத் தேடிப் போனவர்கள் இல்லை. "இந்த ஆய்வால் என்ன பயன்?" என்று விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லி, பயன் தெரியாதவற்றுக்குப் பணம் மறுப்பது பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். எலிக்குக் குளிர்ந்தால் என்ன ஆகும் என்று யாரோ ஒருவர் கேட்டதால்தான் இன்று வாசகரின் கேள்விக்கு நம்மால் பதில் சொல்ல முடிகிறது.

இப்போது மெதுவான ஓட்டத்துக்கு வருவோம். விட்டுவிட்டு வேகமாக ஓடும் இன்டர்வெல் பயிற்சியும் இதே சேதியை அனுப்பும், பலமாகவே அனுப்பும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு ஓட்டம் முடிந்ததும் பிஜிசி-1 ஆல்பாவுக்கான மரபணு சில மணி நேரம் சுறுசுறுப்பாகி, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் ஒரு செங்கல் வைக்கிறது, அவ்வளவுதான். சுவர் எழும்ப வேண்டுமானால் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். தினமும் உயிரைக் கொடுத்து ஓடினால் நாலாம் நாள் படுக்கையில் இருப்போம். மெதுவாக ஓடினால் மறுநாளும் ஓடலாம்.

மெதுவாக ஓடுவதற்கு இன்னொரு காரணம் குதிகாலுக்கு மேலே இருக்கிறது. அக்கிலஸ் தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் கயிறு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது, அப்புறம் படிப்படியாகக் குறைந்தது. அந்தத் தடத்தை வைத்து உடலின் எந்தத் திசு எந்தக் காலத்தில் உருவானது என்று சொல்ல முடியும். 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அப்படிப் பார்த்தபோது, அக்கிலஸ் தசைநாணின் மையப்பகுதி வளரும் பருவத்தோடு அநேகமாக முடிந்துவிடுகிறது, பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. ரத்தம் இரண்டு வாரத்தில் மாறுகிறது, மைட்டோகாண்ட்ரியா ஒன்றரை மாதத்தில் நன்றாகக் கூடிவிடுகிறது, இந்தக் கயிறோ மிக மெல்லத்தான் பழகுகிறது. மூன்றாவது நாலாவது மாதத்தில், மூச்சு நன்றாக ஒத்துழைக்கும்போது, புதிதாக ஓடுபவர்கள் பலர் குதிகால் வலியோடு உட்கார்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரம் தயார், கயிறு இன்னும் தயாராகவில்லை.

அடுத்து முழு மாரத்தான், 42.195 கி.மீ. ஓடுவதற்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 2,950 வருகிறது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்துவைத்த சர்க்கரை 400, 500 கிராம், அதாவது அதிகபட்சம் 2,000 கிலோகலோரி. முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்குக் கால் கல்லாகிவிடுவது இந்தக் கணக்கால்தான். கொழுப்போ ஏராளமாக இருக்கிறது, ஆனால் அதை மைட்டோகாண்ட்ரியாவில்தான் எரிக்க முடியும்.

இங்கேதான் நம் ஒற்றைவால் திரும்ப வருகிறது. அது கூடினால் தசை கிளைக்கோஜனை வேகமாக உடைக்கும், அவசரத்துக்கு அதுதான் கைக்கு எட்டும் எரிபொருள். மைட்டோகாண்ட்ரியா இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் ஓடும்போது வேலை பங்கு பிரிந்துவிடுகிறது, வரவு பின்தங்குவதில்லை, இரண்டுவால் அவ்வளவாகச் சேர்வதில்லை, ஒற்றைவால் ஏறுவதில்லை. அவசரச் சேதி இல்லை. கிளைக்கோஜன் மிச்சமாகிறது, கொழுப்பு கூடுதலாக எரிகிறது. ஆற்றல் நிலையத்தைக் கட்டச் சொன்ன அதே குரல், கட்டி முடித்த பிறகு அடங்கிவிடுகிறது. முதல் மாதம் மூச்சு முட்டவைத்த வேகம் இன்று பேசிக்கொண்டே ஓடும் வேகமாக மாறியதற்கு முக்கியமான காரணம் இது. அதே தூரத்தை அதே வேகத்தில் வருடக்கணக்காக ஓடுபவர்களுக்கு முன்னேற்றம் நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம், குரல் எழும்பவே இல்லையே.

கொழுப்பு எரிகிறது என்றதும் பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு வியர்க்க வியர்க்க ஓடுபவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வியர்வையில் கொழுப்பு வெளியேறாது. எரிந்த கொழுப்பின் எடையில் 84 சதவீதம் கார்பன் டைஆக்சைடாக மூச்சில் போகிறது, மீதி நீராகிறது. ஜாக்கெட்டால் இழப்பது தண்ணீர் மட்டும், அதுவும் வெப்பத்தாக்குதல் வரும் ஆபத்தோடு. உயிர் போன சம்பவங்கள் உண்டு.

கடைசியாகக் காய்ச்சல். 1984இல் எட்வர்ட் காயில் குழு, பல வருடம் பயிற்சி செய்தவர்களை முழுவதுமாக நிறுத்தச் சொல்லி 84 நாள் அளந்தது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது, கடைசியில் 16 சதவீதத்தில் நின்றது. முதலில் குறைந்தது பெரும்பாலும் ரத்தத்தின் அளவால். மைட்டோகாண்ட்ரியாவும் கணிசமாகக் குறைந்தது, ஆனாலும் ஓடாதவர்களைவிட அதிகமாகவே இருந்தது. தசைக்குள் வளர்ந்த நுண்ணிய ரத்தக் குழாய்களோ 84 நாளுக்குப் பிறகும் குறையவில்லை. நீங்கள் ஓடியது ஒரு வருடம்தான், காய்ச்சலும் சேர்ந்திருக்கிறது, அதனால் உங்கள் எண்கள் வேறாக இருக்கும். காய்ச்சல் முழுவதும் விட்டு, மருத்துவர் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள். முதல் வாரம் மூச்சு வாங்கும், பயந்துவிடாதீர்கள், அதில் பெரும்பங்கு பிளாஸ்மா குறைந்ததால். அது இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் கொடுங்கள். அதுவரை பேசிக்கொண்டே ஓடுங்கள்.